மூணாறு தலைப்பும் ஒரு லேப்டாப்பும்

சில வருஷங்களுக்கு முன்னால் வடுவூரிலிருந்து ஒரு பிளஸ் டூ பையன் தன் அரசு லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். திறந்தால் கருப்புத் திரை. மேலே, அப்படி ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பாகம்) இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, போர்டு போயிடுச்சாம். நாலாயிரம் ஆகும்னு சொல்றாங்க.”

என்ன செய்தாய் என்று கேட்டேன். ஒன்றுமே செய்யவில்லை என்றான். இரண்டாவது தடவை கேட்டதும் உண்மை வந்தது. படம் வைக்க இடம் பற்றவில்லை, பெயர்கூட இல்லாத ஒரு டிரைவ் சும்மா கிடந்தது, அதை டெலிட் செய்தானாம்.

போர்டு போகவில்லை. விண்டோஸும் போகவில்லை, அவன் சேர்த்துவைத்த படங்களும் போகவில்லை. அவன் அழித்தது லினக்ஸ் இருந்த இடத்தை. (விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டும் இன்னொரு சிஸ்டம் அது.) 2011இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு வந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற வகை லினக்ஸும் இருக்கும். பவர் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும் மெனு ஒன்று வருமே, அந்த மெனு குடியிருந்தது லினக்ஸின் பக்கத்தில். பையன் ஒரு வீட்டை இடிக்கப்போய், இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசலையும் சேர்த்து இடித்துவிட்டான். பக்கத்து வீடு அப்படியே நின்றது, உள்ளே போகத்தான் வழி இல்லை. விண்டோஸ் சிடியைப் போட்டு வாசலைத் திரும்ப வைக்க இருபது நிமிடம் ஆனது.

அந்த வாசலுக்குத்தான் பூட் மேனேஜர் என்று பெயர்.

நீடாமங்கலம் பக்கம் போனவர்களுக்கு மூணாறு தலைப்பு தெரிந்திருக்கும். (டெல்டாவில் தலைப்பு என்றால் கட்டுரைக்கு வைப்பது அல்ல, ஆறு பிரிகிற இடத்தில் ஷட்டர் போட்டுக் கட்டியிருப்பது.) கல்லணையில் காவிரியை விட்டுப் பிரிந்து வருகிற வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. எந்த ஷட்டரை எவ்வளவு தூக்குவது என்று அங்கே லஸ்கர் பார்த்துக்கொள்கிறார். தண்ணீர் அவருடையது இல்லை, வயலும் அவருடையது இல்லை. ஷட்டரைத் தூக்குவதும் இறக்குவதும்தான் அவர் வேலை. மன்னார்குடிப் பக்கம் பாமணியாற்றில் தண்ணீர் காணோம் என்றால் மேட்டூரே வற்றிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். தலைப்பில் ஷட்டர் இறங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் கேட்போம். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும், மெனு வரவில்லை என்றதும் எல்லாம் போய்விட்டது என்று பதறி, ஃபார்மட் போடக் கொண்டுபோய்விடுகிறோம்.

இந்த உவமை ஓரிடத்தில் இடறும், அதையும் சொல்லிவிடுகிறேன். மூணாறு தலைப்பில் மூன்று ஷட்டரையும் ஒரே நேரத்தில் திறக்கலாம். கம்ப்யூட்டரில் மொத்தத் தண்ணீரும் ஒரே வாய்க்காலுக்குத்தான். விண்டோஸ் ஓடும்போது லினக்ஸ் ஓடாது, மாற வேண்டும் என்றால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் லினக்ஸை ஓட்டும் வழியும் இருக்கிறது. அது வேறு விஷயம், அதற்கு பூட் மேனேஜர் தேவையில்லை.

சரி, பவர் பட்டனை அமுக்கியதும் உள்ளே என்ன நடக்கிறது? அந்த நேரத்தில் ரேம் காலி. விண்டோஸ் என்று ஒன்று இருப்பதே பிராசஸருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மதர்போர்டில் ஒட்டியிருக்கும் ஒரு சின்னச் சிப்பில் இருக்கிற நிரல்தான். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி. காலத்திலிருந்து அந்த நிரலை பயாஸ் என்று சொல்லி வருகிறோம். கீபோர்டு இருக்கிறதா, ரேம் சரியா, டிஸ்க் எங்கே என்று பார்த்து முடித்ததும், பழைய பயாஸ் செய்வது ஒரே ஒரு காரியம். டிஸ்க்கின் முதல் 512 பைட்டை எடுத்து ரேமில் போட்டு, இனி உன் பாடு என்று கட்டுப்பாட்டை அதனிடம் கொடுத்துவிடும். எம்.பி.ஆர். என்பது அந்த 512 பைட்தான்.

அதிலும் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட். அடுத்த 64 பைட்டில் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கு, நான்கே நான்கு வரி. கடைசி 2 பைட் முத்திரை. 446 பைட் என்றால் எவ்வளவு? இணையத்தில் புழங்கும் யூனிகோடு முறையில் தமிழுக்கு ஒரு குறிக்கு 3 பைட் பிடிக்கும், ஆக 150 குறிகூட அடங்காது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டார் பெயரைப் போடவே அது பற்றாது. அதற்குள் ஒரு முழு மெனுவை வைக்க முடியுமா? அதனால் லினக்ஸோடு வரும் கிரப் போன்ற பூட் மேனேஜர்கள் முதல் துண்டை மட்டும் அங்கே வைத்துவிட்டு, அடுத்த துண்டை அதையொட்டிக் கிடக்கும் காலியிடத்தில் வைத்து, மீதியை லினக்ஸ் பார்ட்டிஷனில் வைத்திருந்தன. வடுவூர்ப் பையன் அழித்தது அந்த மீதியை. முன்துண்டு விழித்துக்கொண்டு பின்துண்டைத் தேடியது, கிடைக்கவில்லை, கருப்புத் திரையில் உட்கார்ந்துவிட்டது.

இப்போது வருகிற லேப்டாப்புகளில் இந்தப் பழைய ஏற்பாடு கிடையாது. பேச்சுவழக்கில் இன்னும் பயாஸ் என்றே சொன்னாலும், சிப்பில் இருப்பது யு.இ.எஃப்.ஐ. இதற்கு டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர்களையும் ஃபைல்களையும் படிக்கத் தெரியும். அதனால் 512 பைட்டுக்குள் நெருக்கியடிக்க வேண்டியதில்லை. டிஸ்க்கில் ஒரு சின்னப் பார்ட்டிஷனை எல்லோருக்கும் பொதுவாக ஒதுக்கிவிடுகிறார்கள். பெயர் இ.எஃப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன். விண்டோஸ் தானாக உருவாக்கினால் பெரும்பாலும் 100 எம்.பி. இருக்கும். உள்ளே ஆளுக்கொரு ஃபோல்டர்: மைக்ரோசாஃப்ட் என்று ஒன்று, உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) போட்டிருந்தால் உபுண்டு என்று ஒன்று, பூட் என்று பொதுவாக ஒன்று. ஊர்ப் பொதுக்களத்தில் அவரவர் நெல்லை அவரவர் ஓரத்தில் குவித்து வைப்பதுபோல. டிஸ்க் பிரிவினைக் கணக்கும் மாறிவிட்டது. ஜி.பி.டி. என்ற புதிய முறையில் நான்கு வரிக்குப் பதில் வழக்கமாக 128 வரி. நான்கு பங்காளிக்கு மேல் நேரடியாகப் பாகம் பிரிக்க முடியாது என்ற பிரச்சினை அதோடு தீர்ந்தது.

இன்னொரு முக்கியமான மாற்றம் உண்டு. எந்த ஃபோல்டரில் இருக்கும் எந்த ஃபைலை முதலில் ஓட்ட வேண்டும் என்ற பட்டியல் மதர்போர்டின் நினைவகத்திலேயே இருக்கிறது. முதலில் உபுண்டு, அது முடியாவிட்டால் விண்டோஸ், அப்புறம் பென்டிரைவ் என்கிற மாதிரி. இதுதான் பூட் ஆர்டர். லேப்டாப்பைப் போட்டவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்கு ஒன்றாக இருக்கும் கீயை அமுக்கினால் வரும் மெனு இந்தப் பட்டியல்தான். ஆக, நீங்கள் எதையும் நிறுவாமலேயே உங்கள் லேப்டாப்பில் ஒரு பூட் மேனேஜர் ஏற்கெனவே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

பூட் மேனேஜர், பூட் லோடர் என்று இரண்டு சொல் புழங்குகிறது. ஆளைக் கேட்டு வழி காட்டுவது மேனேஜர். சிஸ்டத்தின் மையமான கெர்னலைத் தூக்கி ரேமில் வைத்து ஓட விடுவது லோடர். கிரப் இரண்டு வேலையையும் செய்யும். ஆனால் விண்டோஸை அதனால் நேரடியாகத் தூக்க முடியாது. நீங்கள் மெனுவில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால், கிரப் விண்டோஸின் சொந்த பூட் மேனேஜரைக் கூப்பிட்டு வேலையை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ரீஃபைண்ட் என்று இன்னொன்று இருக்கிறது, 2012இல் வந்தது. அது முழுக்க மேனேஜர்தான். ஒவ்வொரு முறையும் டிஸ்க்கை மேய்ந்து பார்த்து, கண்ணில் பட்ட சிஸ்டங்களுக்கெல்லாம் படம் போட்டுக் காட்டும். பார்க்க அழகு. இருந்தாலும், முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. ஏற்கப்பட்ட கையெழுத்து இல்லாத நிரலை பூட் ஆகும்போது தடுக்கும் செக்யூர் பூட்டோடு அதை ஒத்துப்போக வைக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். உபுண்டு, மின்ட் போன்றவற்றோடு வருகிற கிரப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்கு முன்னால் நிற்கும் ஷிம் என்ற சின்ன நிரலில் ஏற்கெனவே ஏற்கப்பட்ட கையெழுத்து இருக்கிறது. அதனால் லினக்ஸ் போட வேண்டுமானால் செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே அணைக்காதீர்கள்.

போன வருஷம் மன்னார்குடியில் ஒரு பிரஸ்காரரின் லேப்டாப்புக்கு இதைச் செய்து கொடுத்தேன். அவருக்கு விண்டோஸ் இல்லாமல் ஆகாது. பேஜ்மேக்கரிலும் பழைய தமிழ் ஃபான்ட்டுகளிலும் இருபது வருஷத்துப் பத்திரிகை டிசைன்களை வைத்திருக்கிறார். மகன் தஞ்சாவூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், அவனுக்கு லினக்ஸ் வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். “தம்பி, நீங்க எதை வேணா போடுங்க, என் ஃபைல்ல ஒண்ணு போச்சுன்னாலும் ஆவணியில நான் தெருவுலதான் நிக்கணும்” என்றார். அவர் சொன்னது நியாயம். அதனால் முதல் வேலையாக அத்தனை டிசைனையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தோம். காப்பி எடுத்ததோடு விடாமல், வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு நாலைந்து ஃபைலைத் திறந்தும் பார்த்தோம். திறந்து பார்க்காத காப்பியை நான் காப்பி என்று ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் பூட்டு. புது விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்தவுடன் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும். வைத்திருப்பவருக்கே அது தெரிந்திருக்காது. பூட் ஆகும் வழியை மாற்றினால், யாரோ கதவை நோண்டுகிறார்கள் என்று அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது உங்களுக்கே கிடைக்காது. இந்த இடத்தில் நிஜமாகவே எல்லாம் போகும் வாய்ப்பு இருக்கிறது. பிரஸ்காரரின் அக்கவுன்ட்டில் நுழைந்து அந்த எண்ணை எடுத்து, ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி, அவர் பில் புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டினோம். எண்ணை அந்த லேப்டாப்பிலேயே சேமித்து வைத்துக்கொள்வது சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற வேலை. அப்புறம் பிட்லாக்கரை அணைத்தோம். டிஸ்க் முழுவதும் பூட்டு அவிழ ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைக்க வேண்டும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கும். அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுக்க அணையாது, தன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கப்போகும். தூங்குகிறவர் பையில் லினக்ஸ் கையை விட்டால் கணக்குக் குழம்பும். அதனால் லினக்ஸ் அந்த டிரைவை, பார்க்கலாம் ஆனால் எழுத முடியாது என்ற நிலையில் மட்டுமே திறக்கும். என் ஃபைலைக் காப்பி செய்ய முடியவில்லையே என்று வருகிற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான்.

இடம் ஒதுக்குவதை விண்டோஸைக்கொண்டே செய்யுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் வரும், அதில் சி டிரைவைச் சுருக்கலாம். உபுண்டு கேட்பது குறைந்தது 25 ஜி.பி., நாங்கள் 60 விட்டோம். கிடைத்த இடத்தை ஃபார்மட் செய்ய வேண்டாம், தரிசாக அப்படியே கிடக்கட்டும். லினக்ஸ் வந்து தனக்கு வேண்டியபடி வரப்பு கட்டிக்கொள்ளும்.

லினக்ஸை நிறுவுவது இப்போதெல்லாம் பெரிய காரியம் இல்லை. பென்டிரைவில் ஏற்றி, பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போனால் முடிந்துவிடும். மூன்று இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பூட் மெனுவில் பென்டிரைவின் பெயர் இரண்டு தடவை வந்தால், யு.இ.எஃப்.ஐ. என்று முன்னால் போட்டிருப்பதையே எடுங்கள். விண்டோஸ் புது முறையிலும் லினக்ஸ் பழைய முறையிலும் இருந்தால் ஒன்றை ஒன்று மெனுவில் காட்டாது. அடுத்து, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்கும்போது அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள், விண்டோஸுக்குப் பக்கத்தில் என்பதைத்தான் எடுக்க வேண்டும். அந்த 100 எம்.பி. பொதுப் பார்ட்டிஷனை எக்காரணம் கொண்டும் ஃபார்மட் செய்யக் கூடாது. சில லேப்டாப்புகளில் நிறுவும்போது டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியாது, பயாஸில் ஒரு செட்டிங்கை மாற்றினால் தெரியும் என்று வீடியோக்களில் சொல்வார்கள். விண்டோஸைத் தயார்படுத்தாமல் அதை மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும், அதனால் அங்கே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரைக் கேளுங்கள்.

விண்டோஸ் முதலில், லினக்ஸ் அப்புறம் என்ற வரிசை ஏன் என்றும் கேட்பார்கள். கிரப் அடுத்தவனையும் தன் மெனுவில் சேர்த்துக்கொள்ளும். விண்டோஸ் நிறுவும்போது லினக்ஸைத் தேடிச் சேர்க்காது. தலைகீழாகச் செய்தாலும் ஒன்றும் முழுகிப்போகாது, பிறகு பூட் ஆர்டரைச் சரிசெய்யும் வேலை கூடுதலாக வரும்.

எங்களுக்கு அந்த இடத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. நிறுவி முடித்து ரீஸ்டார்ட் செய்தால் நேராக லினக்ஸ். மெனுவில் விண்டோஸே இல்லை. பிரஸ்காரர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்! எஃப்12 அமுக்கிக் காட்டினேன். பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜர் இருந்தது, உள்ளே போனால் டிசைன்கள் அத்தனையும் வைத்த இடத்தில் இருந்தன. அதற்கப்புறம்தான் மனுஷன் உட்கார்ந்தார். காரணம் இதுதான்: மற்ற சிஸ்டங்களைத் தேடிச் சேர்க்கும் வேலையை, 2021இல் வந்த 2.06 பதிப்பிலிருந்து கிரப் இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறது. பாதுகாப்புக்காகச் செய்தது. லினக்ஸில் கிரப்புக்கென்று ஒரு செட்டிங் ஃபைல் உண்டு. அதில் ஓ.எஸ். புரோபரை (அப்படித் தேடும் நிரல் அதுதான்) முடக்கு என்ற வரிக்கு நேராக ஃபால்ஸ் என்று எழுதி, அப்டேட்-கிரப் என்ற கட்டளையைக் கொடுத்தால் விண்டோஸ் மெனுவில் வந்து உட்கார்ந்துவிடும். அந்தக் கட்டளையை மறந்தால் ஃபைலில் என்ன எழுதினாலும் பலனில்லை.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு போன். “தம்பி, கம்ப்யூட்டர்ல விடியக்காலம் அஞ்சு மணி காட்டுது.” முகூர்த்த நேரம் அச்சடிக்கிறவருக்கு அது எப்படிப் பொறுக்கும்? மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். நமக்கும் பொது நேரத்துக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி. பத்தரையில் ஐந்தரை போனால் ஐந்து, கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. நீயும் உள்ளூர் நேரத்திலேயே வை என்று லினக்ஸிடம் ஒரு கட்டளை சொன்னால் போதும். மகன் சனிக்கிழமை வந்ததும் சொல்லிவிட்டான்.

மெனு இருந்து, ஒருநாள் காணாமல் போனால்? விண்டோஸ் அல்லது பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு பூட் ஆர்டர் மாறி விண்டோஸ் முதலிடத்துக்கு வந்துவிடுவது உண்டு. பூட் மெனு கீயை அமுக்கிப் பாருங்கள். உபுண்டு என்ற பெயர் அதில் இருந்தால், பயாஸ் செட்டிங்கில் அதை மறுபடி மேலே ஏற்றினால் முடிந்தது. பெயரே இல்லை என்றாலும் லினக்ஸ் பார்ட்டிஷன் அப்படியேதான் இருக்கும். நிறுவிய அதே பென்டிரைவில் பூட் செய்து, பூட் ரிப்பேர் என்ற கருவியைக் கொண்டு வாசலை மட்டும் திரும்ப வைக்கலாம். அதனால் அந்தப் பென்டிரைவை அழித்துப் பாட்டு ஏற்றிவிடாதீர்கள். லினக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்கள், வடுவூர்ப் பையன் மாதிரி எடுத்த எடுப்பில் பார்ட்டிஷனை அழிக்காமல், முதலில் பூட் ஆர்டரில் விண்டோஸை மேலே ஏற்றி, அது நேராக வருகிறதா என்று பார்த்துவிட்டு அழிக்கட்டும்.

பிரஸ்காரர் வீட்டில் ஒரு பஞ்சாயத்து பாக்கி இருந்தது. அவர் காலையில் பவர் பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போவார், திரும்பி வந்தால் லினக்ஸ் வந்து நிற்கும். கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதையே நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி கிரப்பில் இருக்கிறது. ஆனால் மகன் ஞாயிறு ராத்திரி லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டால், திங்கட்கிழமை அப்பாவுக்கு லினக்ஸ்தான் வரும். அதனால் விண்டோஸையே இயல்பாக வைத்துவிட்டேன். மெனுவில் அது மூன்றாவது வரி, கிரப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் ஃபைலில் 2 என்று எழுத வேண்டும். காத்திருக்கும் நேரம் பத்து விநாடி. மகன் வந்தால் அந்தப் பத்து விநாடிக்குள் மேல் அம்புக்குறியைத் தட்டி லினக்ஸுக்குப் போய்க்கொள்வான், அப்பா டீக்கடையிலிருந்து வரும்போது விண்டோஸ் தயாராக இருக்கும்.